கருப்பை வாயைத் தளர்த்தும் முறைகளை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

நான்கைந்து மாதக் கர்ப்பத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்து, அறுவை முறையில் கருப்பையைச் சுத்தம் செய்வது என்று முடிவானால், அதற்கு முன்பே கருப்பை வாயை மெல்ல விரியச் செய்ய வேண்டும். இறுகிய வாயைக் கருவியால் வலிந்து திறந்தால் அது கிழியவும் கருப்பையில் துளை விழவும் கூடும். வடசென்னையின் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ இந்த நிலையில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்பது, "எது சீக்கிரம் முடியும்?" என்பதைத்தான். அந்தத் துயரத்தில் அப்படிக் கேட்பது இயல்பே என்றாலும், வேகத்தை மட்டும் வைத்து முறைகளை ஒப்பிடுவது பெரும் தவறு.

மிசோப்ரோஸ்டால் மாத்திரை 3 முதல் 4 மணி நேரத்தில் வாயை மென்மையாக்கும்; ஆனால் குளிர்நடுக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இழுத்துப் பிடிக்கும் வலி ஆகியவை உடன் வரலாம். லாமினேரியா என்பது உலர்த்திய கடற்பாசித் தண்டு. கருப்பை வாய்க்குள் வைத்தால் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, முழுமையாக விரிய 12 முதல் 24 மணி நேரம் எடுக்கும். டைலபான் என்னும் செயற்கைக் குச்சி 4 முதல் 6 மணி நேரத்திலேயே போதிய அளவு விரிந்துவிடும். வாயை மென்மையாக்கும் மற்றொரு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனை அறுவைக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாரங்கள் கூடக் கூட வாய் அதிகம் விரிய வேண்டியிருப்பதால், மாத்திரை மட்டும் போதாமல் குச்சியும் மருந்தும் சேர்த்துத் தேவைப்படலாம். ஆகவே, எட்டாவது வாரத்தில் கரு கலைந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாத்திரையே போதுமானதாக இருந்தது என்பது, பதினெட்டாவது வாரத்தில் இருப்பவருக்குப் பொருந்தாது.

முந்தைய சிசேரியனைச் சொல்லாமல் விடுவது இதைவிட ஆபத்தானது. பழைய தழும்பு உள்ள கருப்பையில் மிசோப்ரோஸ்டாலின் அளவை மருத்துவர் எண்ணிப் பார்த்தே தீர்மானிப்பார். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவரும், ஆர்எச் நெகட்டிவ் இரத்த வகையினரும் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். மெடிக்கல் கடையில் தாமாக மாத்திரை வாங்கி வீட்டில் போட்டுக்கொள்வதை எக்காரணத்தாலும் செய்யக் கூடாது.

குச்சி வைத்த பிறகு எங்கே காத்திருப்பது என்பதை முன்கூட்டியே கேட்காமல் விடுவதும் உண்டு. எண்ணூரிலிருந்தோ மணலியிலிருந்தோ வருபவர் அன்றிரவு வீடு திரும்பினால், நடு இரவில் வலி கண்டு கரு வெளியேறத் தொடங்கும்போது, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் துறைமுகச் சாலையைக் கடந்துதான் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்கோ வேறு இடத்துக்கோ வர வேண்டியிருக்கும். தொலைவில் வசிப்பவர் வார்டிலேயே தங்க அனுமதி கேட்பது நல்லது.

குச்சி வைக்கும்போதும், அது பருக்கும்போதும் வலிக்கும். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. வலி மருந்தைக் கேட்டுப் பெறலாம். அவரையே கேட்காமல் கணவரும் மாமியாரும் முறையைத் தேர்ந்தெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் வலியையும் காத்திருப்பையும் தாங்கப் போவது அவர்தான். வைத்த குச்சிகள் எத்தனை என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லி, சிகிச்சை முடிந்ததும் அத்தனையும் வெளியே எடுக்கப்பட்டனவா என்று அவரோ உடனிருப்பவரோ கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.