வளைந்த வாளை நிமிர்த்த வெந்நீர்

2003-ல் வெளிவந்த டி அண்ட் டி மினியேச்சர்ஸ் (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கான சிறு பிளாஸ்டிக் வீரர்கள்) பொம்மையின் அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். அங்குள்ள குறி வட்டம் என்றால் சாதாரணம், சாய்சதுரம் சற்றே அரிது, நட்சத்திரம் அரிது. நட்சத்திரம் இருந்தாலும் வாள் வளைந்திருக்கலாம்! மென்மையான பிவிசி பிளாஸ்டிக், பெட்டிக்குள் அமுங்கிக் கிடந்தால் அப்படியே படிந்துவிடும்.

கொதித்து இறக்கிய நீரில் வளைந்த பகுதியை மட்டும் 10–20 விநாடி முக்குங்கள். இளகியதும் நேராக்கி, பிடியை விடாமல் ஐஸ் தண்ணீரில் அரை நிமிடம் வையுங்கள். சூடு ஆறுமுன் கையை எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். மெல்லிய ஈட்டிக்கு இரண்டு தடவை தேவைப்படும்.

ஹீரோகிளிக்ஸ் (அடித்தட்டில் சுழல்வட்டு உள்ள சூப்பர்ஹீரோ விளையாட்டுப் பொம்மை) என்றால் தலைகீழாகப் பிடித்தே முக்குங்கள். அடித்தட்டுக்குள் நீர் புகுந்தால் எண்கள் அச்சிட்ட சுழல்வட்டு பாழாகும். பெயிண்ட் வழிந்த முகத்துக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.