ஐபோன் செயலியில் சொந்த டேபிள் செல்: அவுட்லெட் ஏன் நில் ஆகிறது?

வீட்டுப் புத்தகங்களைப் பட்டியலிட ஒரு சின்ன ஐபோன் செயலி எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர் பெயர், கீழே என் குறிப்பு. பட்டியலின் ஒரு வரிதான் செல். ஆயத்த செல்களில் ஒரு படத்துக்கும் இரண்டு லேபிளுக்கும்தான் இடம். ஆகவே செல்லுக்கான ஆப்பிளின் கிளாஸ் யூஐடேபிள்வியூசெல்லுக்கு ஒரு சப்கிளாஸ், அதாவது அதை நீட்டித்து நாமே எழுதும் கிளாஸ், தேவைப்பட்டது. பட்டியலைக் காட்டும் டேபிள் வியூவுக்கு டேட்டா சோர்ஸ் இணைக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எக்ஸ்கோடில் (ஆப்பிளின் செயலி எழுதும் மென்பொருள்) புக்செல் என்ற கிளாஸை உருவாக்குங்கள். திரைகளை வரையும் கோப்பான ஸ்டோரிபோர்டில் புரோட்டோடைப் செல்லை (மாதிரி செல்) தேர்ந்தெடுத்து, ஐடென்டிட்டி இன்ஸ்பெக்டரில் அந்தக் கிளாஸைக் கொடுங்கள். அட்ரிபியூட்ஸ் இன்ஸ்பெக்டரில் ஐடென்டிஃபயருக்கும் அதே பெயர் போதும். அப்புறம் லேபிள்களை அவுட்லெட்டாக, அதாவது வரைந்ததைக் கோடோடு கட்டும் இணைப்பாக, இழுத்து இணையுங்கள். டெக்ஸ்ட்லேபிள், இமேஜ்வியூ என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். அவை தாய் கிளாஸிலேயே இருக்கின்றன. கடைசியாக, செல்ஃபார்ரோ மெத்தடில் செல்லை டிக்யூ செய்து (டேபிள் வியூவிடமிருந்து கேட்டு வாங்கி) புக்செல்லாக காஸ்ட் செய்யுங்கள் (அந்த வகையாக மாற்றுங்கள்).

இவ்வளவையும் சரியாகச் செய்தும் என் செயலி திறந்தவுடனே கிராஷ் ஆனது. தலைப்பு லேபிள் நில், அதாவது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அவுட்லெட்டை அறுத்து மறுபடி இணைத்துப் பார்த்தேன், பில்டை கிளீன் செய்தேன், ஒரு மாலைப்பொழுதே போய்விட்டது. காரணம் வியூடிட்லோடில் (திரை ஏற்றப்பட்டதும் ஓடும் மெத்தட்) இருந்த ஒரே ஒரு வரி. பழைய செயலியிலிருந்து எடுத்து ஒட்டிய ரெஜிஸ்டர் வரி அது, எந்த ஐடென்டிஃபயருக்கு எந்த செல் என்று டேபிள் வியூவிடம் சொல்வது. அதே ஐடென்டிஃபயருக்குக் கிளாஸை ரெஜிஸ்டர் செய்தால், டேபிள் வியூ ஸ்டோரிபோர்டில் வரைந்த செல்லை விட்டுவிட்டு வெறும் கிளாஸிலிருந்து செல்லை உருவாக்கும். வரைந்த லேபிள்கள் அதில் இருக்காது, அவுட்லெட் எல்லாம் நில்தான். வரியை நீக்கினேன், ஓடியது.

ஆகவே ஸ்டோரிபோர்டில் வரைந்தால் ரெஜிஸ்டர் வேண்டாம். தனி ஸிப் கோப்பில் (xib, சுருக்கிய zip கோப்பு அல்ல) வரைந்தால், அந்தக் கோப்பைக் குறிக்கும் யூஐநிப் கொடுத்து ரெஜிஸ்டர் செய்ய வேண்டும். முழுக்கக் கோடிலேயே எழுதினால்தான் கிளாஸை ரெஜிஸ்டர் செய்வது. இப்போது நான் ஸிப் பக்கம்தான். ஒரே செல்லை இரண்டு திரைகளில் பயன்படுத்தலாம், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஸ்டோரிபோர்டு மோதல்களும் குறையும்.

குறிப்பு நீண்டால் வரியும் உயர வேண்டுமே? ஐஓஎஸ் 8 முதல் இதற்குத் தனிக் கணக்கு தேவையில்லை. ரோஹைட்டுக்கு ஆட்டோமேட்டிக் டைமென்ஷன், எஸ்டிமேட்டட் ரோஹைட்டுக்கு 100 போல ஒரு தோராய எண், லேபிளின் வரி எண்ணிக்கை 0. கன்டென்ட் வியூவின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை கன்ஸ்ட்ரெயின்ட்கள் (இடைவெளி, அளவு விதிகள்) அறுபடாமல் இருக்க வேண்டும். கடைசி லேபிளைக் கீழ் விளிம்போடு கட்டத்தான் பலரும் மறக்கிறோம்.

பின்சேர்க்கை: வேகமாக ஸ்க்ரோல் செய்தால் அட்டைப்படம் மாறி வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். திரையை விட்டுப் போன செல்தான் திரும்ப வருகிறது, பழைய படத்தோடு. செல் மறுபடி பயன்படும் முன் ஓடும் ப்ரிப்பேர்ஃபார்ரீயூஸ் மெத்தடில் சூப்பரை (தாய் கிளாஸின் அதே மெத்தட்) அழைத்து, படத்தை நில் ஆக்குங்கள். படம் இணையத்திலிருந்து வருகிறதென்றால் முந்தைய பதிவிறக்கத்தையும் அங்கேயே ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய படம் தாமதமாக வந்து புதியதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.