பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர்: முதலில் ஒப்பிடுங்கள், பிறகு திருப்புளியை எடுங்கள்

பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்று கைக்கு வந்ததும், அதை வேறொரு மாடலோடு மோதவிட்டுப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒப்பீடு ஒன்று உண்டு. அந்த ஜோடியின் இடது பெட்டியும் வலது பெட்டியும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா? 50 வருடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. ஒன்று வெயில் படும் ஜன்னலோரம் இருந்திருக்கும், மற்றொன்றில் யாரோ ஒரு பாகத்தை மாற்றியிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத ஜோடியை வைத்து "இந்த மாடல் இப்படித்தான் ஒலிக்கும்" என்று தீர்ப்புச் சொல்வது அந்த மாடலுக்குச் செய்யும் அநியாயம். சீர்செய்யும் வேலை முழுவதையும் இந்த ஒப்பீட்டின் மேல்தான் கட்டவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உதாரணத்துக்கு லார்ஜ் அட்வென்ட் என்ற பழைய அமெரிக்க ஸ்பீக்கரை எடுத்துக்கொள்கிறேன். 1954-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்கர் வில்ச்சூரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஊஃபருக்கு (தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்பு) ஸ்பிரிங்காக்கியது வில்ச்சூரின் யோசனை. அதனால்தான் புத்தக அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) வந்தது. க்ளாஸ் பிறகு கேஎல்எச், அதன்பின் அட்வென்ட் என்று நிறுவனங்களைத் தொடங்கினார். 1967-ல் அக்கூஸ்டிக் ரிசர்ச் வெளியிட்ட ஏஆர்-3ஏ ஒன்றின் விலை 250 டாலர். அதற்குச் சில ஆண்டுகளில் வந்த அட்வென்ட், கிட்டத்தட்ட அதே ஆழத்தை அதில் ஏறத்தாழப் பாதி விலையில் தந்தது. ஏராளமாக விற்றதால் அமெரிக்காவின் கராஜ் சேல்களில் இன்றும் கண்ணில் படுகிறது. உள்ளே ஒரு ஊஃபர், உச்ச ஒலிக்கு ஒரு ட்வீட்டர், ஒலியை இரண்டுக்கும் பிரித்தனுப்பும் எளிமையான கிராஸ்ஓவர், அவ்வளவுதான். முதல்முறை கை வைப்பவருக்கு இதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியவில்லை.

படி 1: ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) இணைக்கும் முன்

முன்பக்கத் துணியைக் கழற்றி ஊஃபரின் விளிம்பைப் பாருங்கள். கூம்பையும் உலோகச் சட்டத்தையும் இணைக்கும் வளையம் பாலியூரித்தேன் ஃபோம். காற்றின் ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். பொதுவாக 15, 20 வருடம் போனால் விரல் பட்டதுமே உதிரும். உதிர்ந்திருந்தால் பயப்படவேண்டாம், இந்த ஸ்பீக்கருக்கு அது எதிர்பார்த்த நோய்தான். ஆனால் அந்த நிலையில் சத்தமாக ஓட்டாதீர்கள். பிடிமானம் இழந்த கூம்பு கோணலாக ஆடி, அதோடு ஒட்டிய கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்த இடைவெளியில் உரசித் தேய்ந்துவிடும். ஃபோமை மாற்றலாம், தேய்ந்த காயிலை வீட்டில் சரிசெய்ய முடியாது.

விரல் நுனிகளைக் கூம்பின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சரசரவென்று உரசும் சத்தம் கேட்டால் காயில் பாதிக்கப்பட்டிருக்கலாம். ட்வீட்டரை மட்டும் விரலால் தொடவே கூடாது.

அடுத்து மல்டிமீட்டர். ஊஃபரின் வயரைப் பிரித்துவிட்டு அதன் முனைகளில் ஓம் அளவை எடுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஊஃபர் மீட்டரில் பெரும்பாலும் 5.5-லிருந்து 7 வரை காட்டும், அது இயல்பு. எண்ணைவிட முக்கியம் இரண்டு ஊஃபரும் நெருக்கமான எண்ணைக் காட்டுகின்றனவா என்பது. ட்வீட்டர்களையும் இப்படியே பாருங்கள். எண் எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

படி 2: காதால் முதல் ஒப்பீடு

ஃபோம் போயிருந்தாலும் ட்வீட்டர்களைக் குறைந்த சத்தத்தில் சோதிக்கலாம். ஆம்பின் பேஸ் குமிழை முழுக்கக் குறைத்து, மோனோவில் (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி) வைத்து, பிங்க் நாய்ஸ் (எல்லா ஒலிகளும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சல்) ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் ட்வீட்டருக்கு அருகிலும் காதைக் கொண்டுபோங்கள். ஒன்று மந்தமாக இருந்தால் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள் (ஆம்பை அணைத்துவிட்டு). மந்தம் பெட்டியோடேயே இருந்தால் கோளாறு பெட்டியில். பக்கம் மாறினால் கோளாறு ஆம்பில்.

அட்வென்ட்டின் பின்பக்கம் உச்ச ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று இருக்கும். இரண்டு பெட்டியிலும் அது ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் உள்தகடுகள் கறுத்துப்போவதும் சகஜம். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து நாலைந்து முறை முன்னும் பின்னும் தள்ளினாலே பாதி மந்தம் தீர்ந்துவிடும். கண்டதையெல்லாம் எழுதி வையுங்கள்: எந்தப் பெட்டி, என்ன குறை. வேலை முடிந்தபின் எது மாறியது என்று சொல்வதற்கு இந்தக் குறிப்பு ஒன்றுதான் சாட்சி.

படி 3: ஃபோம் மாற்றுவது

இதுதான் பெரிய வேலை. அவசரமில்லாத ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஊஃபரைக் கழற்றிப் பார்த்தபிறகே ஃபோமுக்கு ஆர்டர் கொடுங்கள். பழைய அட்வென்ட்களில் சட்டத்தைச் சுற்றி மேசனைட் பலகை வளையம் இருக்கும். பின்னால் வந்தவற்றில் முழுக்க உலோகச் சட்டம். இரண்டுக்கும் ஃபோம் அளவு வேறு. அளவு பொருந்தினால் மட்டும் போதாது, மென்மையும் பொருந்தவேண்டும். காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் பெட்டியில் ஃபோம் விறைப்பாக இருந்தால் பேஸின் ஆழம் குறைந்துவிடும். அதனால் இந்த மாடலுக்கென்றே விற்கும் கிட்டை வாங்குங்கள். ஒரு பக்கம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

பெட்டிக்குள் கண்ணாடிநார்ப் பஞ்சு இருக்கும். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பஞ்சின் அளவும் ஒலியைத் தீர்மானிக்கிறது, துளிகூட வெளியே போட்டுவிடாதீர்கள். வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் படம் எடுத்தபின் கழற்றுங்கள்.

பழைய ஃபோமையும் பசையையும் சுரண்டி எடுப்பதில்தான் பொறுமை தேவை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊறவைத்து, மழுங்கிய கத்தியால் வழித்தெடுங்கள். கூம்பு காகிதம், அழுத்தினால் கிழியும். பழைய ஃபோம் கூம்பின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா பின்பக்கமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியதும் அதே பக்கம்தான் ஒட்டவேண்டும்.

முதலில் ஃபோமைக் கூம்பில் மட்டும் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள். கிட்டோடு வரும் வெள்ளைப் பசை மெதுவாக இறுகும். நகர்த்திச் சரிபார்க்க நேரம் கிடைப்பதால் புதியவருக்கு அதுவே ஏற்றது. மர வேலைக்கான பசை காய்ந்ததும் விறைத்துப்போகும், அது வேண்டாம்.

பிறகு வெளிவிளிம்பைச் சட்டத்தில் ஒட்டும்போது கூம்பு நட்டநடுவில் நிற்கவேண்டும். காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடம்தான் உண்டு. பசை ஈரமாக இருக்கும்போதே ஊஃபரை ஆம்பில் இணைத்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாக ஓடவிடுங்கள். கூம்பு மெல்ல மூச்சுவிடுவதுபோல் ஆடும். உரசல் கேட்டால் கூம்பை இம்மி இம்மியாக நகர்த்திச் சத்தம் நிற்கும் இடத்தைப் பிடித்து, விளிம்பை அழுத்துங்கள். ஒரு முழு நாள் காயட்டும். நடு மூடியை வெட்டி உள்ளே பிளாஸ்டிக் பட்டை செருகும் முறையும் உண்டு. முதல் தடவைக்கு 30 ஹெர்ட்ஸ் முறையே போதும்.

படி 4: கெப்பாசிட்டர்

கிராஸ்ஓவரில் இருக்கும் நான்-போலார் (பிளஸ்-மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் மதிப்பு காலப்போக்கில் விலகும். அதன் ஒரு காலை (கம்பி முனையை) பிரித்தெடுத்து, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மீட்டரில் அளந்து பாருங்கள். அச்சிட்ட மைக்ரோஃபாரட் மதிப்பிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றவேண்டியதுதான். ஒன்றை மாற்றினால், மற்ற பெட்டியில் உள்ளது விலகாவிட்டாலும் அதையும் மாற்றுங்கள். விலை உயர்ந்த ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டால் உள்தடை குறைவதால் ட்வீட்டர் கொஞ்சம் பளிச்சென்று ஒலிக்கலாம். பழைய குணம் வேண்டுமென்றால் நல்ல புதிய எலக்ட்ரோலிட்டிக்கே சரி.

மரப்பெட்டியைத் துடைப்பது பற்றி ஒரே ஒரு சொல்: வால்நட் மரத்தோலா, வினைல் தாளா என்று தெரிந்தபின் எண்ணெய் தடவுங்கள். வினைலுக்கு ஈரத்துணி போதும்.

படி 5: மூடி, மறுபடி ஒப்பிடுவது

ஊஃபர் உட்காரும் விளிம்பில் காற்று கசியக்கூடாது. புதிய கேஸ்கெட் அல்லது மிருதுவான சீலிங் பட்டி வைத்து முடுக்குங்கள். இப்போது கூம்பை உள்ளே தள்ளி விட்டால் அது சட்டென்று துள்ளாமல் மெதுவாகத் திரும்பி வரவேண்டும். துள்ளினால் எங்கோ கசிகிறது.

1.5 வோல்ட் பேட்டரியைப் பெட்டியின் பின்பக்க ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், பிளஸ்ஸோடு பிளஸ். அட்வென்ட்டில் கூம்பு வெளியே வரவேண்டும். அந்தக் காலத்து ஜேபிஎல் நிறுவன ஸ்பீக்கர்களில் உள்ளே போகும், அவர்கள் வழக்கம் அப்படி. ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரண்டு பெட்டியையும் நேருக்கு நேர், சில அங்குல இடைவெளியில் நிறுத்துங்கள். மோனோவில் பாட்டு வையுங்கள். பிறகு ஆம்பை அணைத்து, ஒரு பெட்டியின் வயரை மட்டும் பிளஸ்-மைனஸ் மாற்றி மறுபடி போடுங்கள். ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுப்பதால், இரண்டும் ஒத்திருந்தால் பேஸும் குரலின் கனமும் பெருமளவு மறைந்துபோகும். மறையாமல் மிஞ்சுவதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். உச்ச ஒலியில் அலைநீளம் குறுகியது என்பதால் அங்கே முழுதாக மறையாது, அதைக் குறையாக எடுக்கவேண்டாம். முடித்ததும் வயரைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

படி 6: வேறு மாடலோடு

ஏஆர்-3ஏ-வுக்கு முன்வந்த ஏஆர்-3 காலத்தில் அக்கூஸ்டிக் ரிசர்ச், ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நான்கு தந்தி வாத்தியக் கலைஞர்களை மேடையில் வாசிக்கவைத்து, நடுவே ஸ்பீக்கருக்கு மாறி, கேட்பவர்களுக்கு மாற்றம் தெரிகிறதா என்று காட்டியது. நம்மிடம் குவார்டெட் இல்லை. ஆனால் நமக்கு நேரில் கேட்டுப் பழகிய வாத்தியங்கள் உண்டு. மிருதங்கத்தின் தொப்பியில் பேஸின் கட்டுப்பாடு தெரியும், வலந்தலையில் நடு ஒலி தெரியும். தம்புராவின் கார்வை தொடர்ந்து ஒரே சீராக வந்தால் ட்வீட்டரும் ஊஃபரும் சேரும் இடம் சுத்தமாக இருக்கிறது. ஒரு கச்சேரிப் பதிவு போதும், ஆனால் அதே பதிவையே எல்லாவற்றிலும் கேளுங்கள்.

சத்தத்தைச் சமன்செய்யாமல் ஒப்பிடுவது வீண். கூடுதல் சத்தமுள்ளது எப்போதும் காதுக்கு நன்றாகவே படும். 1970களின் தொடக்கத்தில் வந்த ஜேபிஎல் எல்100, முன்பக்கம் துளையுள்ள பெட்டி. ஆம்பின் குமிழ் ஒரே இடத்தில் இருந்தாலும் அட்வென்ட்டைவிட உரக்க ஒலிக்கும். பிங்க் நாய்ஸ் போட்டு, போனில் உள்ள டெசிபெல் மீட்டரை உட்காரும் இடத்தில் வைத்து, அரை டெசிபெல் வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு பெட்டியை மோனோவில், ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் வைத்துக் கேளுங்கள். ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மறைத்துவிடும். ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூலின் ஆய்வுகளும் மோனோவில்தான் குறைகள் நன்றாகத் தெரிகின்றன என்று காட்டின.

அடுத்து ஏஆர்-3ஏ-வைக் கையில் எடுப்பவர்களும் இதே வரிசையில் போகலாம். அங்கே நடு ஒலியோ உச்ச ஒலியோ வரவில்லையென்றால் டிரைவரை (ஊஃபர், ட்வீட்டர் போன்ற ஒலிக்கும் பாகத்தை) சந்தேகிக்கும் முன் பின்பக்கக் குமிழ்களைத் திருகிப் பாருங்கள். அந்தப் பொட்டன்ஷியோமீட்டர்கள் துருப்பிடிப்பது மிக வழக்கம். கெப்பாசிட்டர்கள் 6, 50, 150 மைக்ரோஃபாரட் என மூன்று. அது 4 ஓம் ஸ்பீக்கர் என்பதால் சின்ன ஆம்ப் சூடாகிவிடும், கொஞ்சம் வலுவானதாகப் பாருங்கள். எல்100-ல் ஊஃபர் விளிம்பு ஃபோம் அல்ல, பெரும்பாலும் மாற்றத் தேவையிருக்காது. துளையுள்ள பெட்டி என்பதால் கூம்பு மெதுவாகத் திரும்பும் சோதனையும் அதற்குப் பொருந்தாது. அதில் படி 3-ஐ விட்டுவிட்டு நேராகக் கெப்பாசிட்டர்களுக்கும் முன்பக்கக் குமிழ்களுக்கும் போய்விடலாம்.