அடுத்த பாகம் கேட்டு இயக்கம் நடத்துவது எப்படி? ஷென்மூ ரசிகர்களிடம் கற்க வேண்டியவை

ஷென்மூ என்ற ஜப்பானிய வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வந்தது 2001-இல். மூன்றாம் பாகம் வந்தது 2019 நவம்பர் 19 அன்று. நடுவில் பதினெட்டு வருடம். அதை வெளியிட்ட சேகா நிறுவனம் 2001-இலேயே கன்சோல் (கேம் விளையாடும் கருவி) தயாரிப்பதை விட்டுவிட்டது. கேமை உருவாக்கிய யூ சுசுகி சேகாவிலிருந்து விலகிவிட்டார். முதல் பாகம் விளையாடிய பள்ளிப் பையன்கள் பிள்ளை குட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஆனாலும் கேம் வந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள் என்பது பாதிக் கதைதான். யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

பாதியில் நின்றுபோன கேம் ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதற்காக ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் சத்தத்துக்குக் கேம் வராது. "இதில் போட்ட காசு திரும்பி வரும்" என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஓர் ஆளை நம்பவைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வேலைக்குத்தான்.

படி 1: குடுமி யார் கையில்?

கேம் என்றால் மூன்று தரப்பு உண்டு: பெயருக்கும் கதைக்கும் உரிமை வைத்திருப்பவர், செய்யத் தெரிந்தவர், பணம் போடுபவர். சில நேரம் மூன்றும் ஒரே நிறுவனமாக இருக்கும். பழைய கேம்களில் பெரும்பாலும் இருக்காது. ஷென்மூவையே எடுங்கள். உரிமை சேகாவிடம். செய்யத் தெரிந்தவர் சுசுகி. அவர் 2008-இலேயே ஒய்எஸ் நெட் என்று தனி நிறுவனம் தொடங்கிவிட்டார். பணம்? யாரிடமும் இல்லை. முதல் பாகத்துக்கு 4.7 கோடி டாலர் செலவானது என்று பின்னாளில் சுசுகியே கணக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் அது தலைசுற்ற வைக்கும் தொகை. அப்படிப்பட்ட கேமின் மூன்றாம் பாகத்துக்கு எந்த நிறுவனமும் தானாக முன்வராது.

உங்கள் கேமுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேமைத் திறந்ததும் முதல் திரையின் அடியில் பொடி எழுத்தில் உரிமை யாருடையது என்று இருக்கும். பிறகு கணினிக் கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் அந்தக் கேமின் பக்கத்துக்குப் போய் டெவலப்பர் (உருவாக்கியவர்), பப்ளிஷர் (வெளியிட்டவர்) இரண்டு பெயரையும் பாருங்கள். அந்த ஸ்டுடியோ இன்னும் இயங்குகிறதா, வேறு யாராவது வாங்கிவிட்டார்களா என்று தேடுங்கள். கேமின் இயக்குநர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். மெகா மேன் லெஜண்ட்ஸ் 3 என்ற கேமை கேப்காம் நிறுவனம் 2010 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே அந்தத் தொடரின் முகமாக இருந்த கேஜி இனாஃபுனே விலகல் அறிவித்தார். 2011 ஜூலையில் கேமைக் கைவிட்டார்கள். இரண்டாம் பாகத்தின் முடிவில் நாயகன் நிலாவில் மாட்டிக்கொள்வான்; ரசிகர்கள் "என்னை நிலாவிலிருந்து இறக்குங்கள்" என்று கோஷம் வைத்து, ஒரு லட்சம் பேரைச் சேர்ப்பது என்று ஃபேஸ்புக்கில் குழு தொடங்கினார்கள். பையன் இன்னும் நிலாவில்தான் இருக்கிறான். நிறுவனத்துக்குள்ளே கேமுக்காகப் பேச ஆள் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

படி 2: ஒரே ஒரு கோரிக்கை

"அடுத்த பாகம் வேண்டும், பழைய பாகங்களை மறுபடி வெளியிட வேண்டும், பொம்மை விற்க வேண்டும்" என்று பட்டியல் போட்டால் ஒன்றும் நடக்காது. ஒன்றைக் கேளுங்கள். அது எதிர்த் தரப்புக்குச் செலவு குறைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நல்ல உதாரணம் 2011-இல் அமெரிக்க ரசிகர்கள் நடத்திய ஆபரேஷன் ரெயின்ஃபால். நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோலுக்கு ஜப்பானில் வந்த மூன்று கேம்களை (ஸெனோபிளேட் கிரானிக்கிள்ஸ், தி லாஸ்ட் ஸ்டோரி, பண்டோராஸ் டவர்) வட அமெரிக்காவிலும் வெளியிடச் சொன்னார்கள். அடுத்த பாகம் கேட்டதல்ல, ஆனால் வழிமுறை அதேதான். மூன்று பெயர், ஒரு நாட்டுச் சந்தை, ஒரு நிறுவனம். அதுவும் ஸெனோபிளேட் ஐரோப்பாவுக்காக ஏற்கெனவே ஆங்கிலத்தில் தயாராகியிருந்தது. மொழிபெயர்ப்புச் செலவுகூட இல்லை, வட்டு அச்சடித்துக் கடைக்கு அனுப்பினால் போதும். இதைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

2011 ஜூன் கடைசியில் "இப்போதைக்கு அந்த எண்ணமில்லை" என்றது நிண்டெண்டோ. டிசம்பரில் "ஸெனோபிளேட் வருகிறது" என்றது. 2012 ஏப்ரலில் கேம் கடையில் இருந்தது. மற்ற இரண்டையும் எக்ஸ்சீட் என்ற சிறிய நிறுவனம் பிறகு வெளியிட்டது. ரசிகர் மனுக்கள் எங்கள் முடிவை மாற்றுவதில்லை என்றுதான் நிண்டெண்டோ அமெரிக்கத் தலைவர் ரெஜி பின்னாளில் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். எந்த நிறுவனமும் "மிரட்டியதால் கொடுத்தோம்" என்று ஒப்புக்கொள்ளாது. வேலை முடிந்ததா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: கையெழுத்தை விடப் பணப்பை பேசும்

புதிதாக இறங்குபவர்கள் முதல் நாளே ஆன்லைன் மனு ஒன்றைத் தொடங்குவார்கள். தொடங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு மதிப்பு என்று நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும்.

ரெயின்ஃபால் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸெனோபிளேடுக்கு 'மொனாடோ' என்ற பழைய தற்காலிகப் பெயரில் அமெரிக்க அமேசானில் ஒரு முன்பதிவுப் பக்கம் கேட்பாரற்றுக் கிடந்தது. எல்லோரும் சொல்லிவைத்து ஒன்றாக அங்கே போய் முன்பதிவு செய்தார்கள். வருமா வராதா என்றே தெரியாத கேம் அமேசான் கேம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதுவரை கண்டுகொள்ளாத பத்திரிகைகள் அன்று எழுதின. பத்தாயிரம் கையெழுத்தைவிட அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் பெரியது.

உங்கள் கேமுக்கு அப்படி முன்பதிவுப் பக்கம் இருக்காது. அப்போது பழைய பாகங்களை முறையாக வாங்குங்கள், வாங்க வையுங்கள். டேஸ் கான் கேமுக்கு இரண்டாம் பாகம் இல்லை என்று 2021-இல் செய்தி கசிந்து ரசிகர்கள் கொதித்தபோது, அதன் இயக்குநர்களில் ஒருவரான ஜான் கார்வின், பிடித்திருந்தால் முழு விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும் என்று பட்டென்று சொன்னார். பலருக்குக் கோபம். சொன்ன விதம் கரடுமுரடு, விஷயம் சரி. தள்ளுபடியில் வாங்கியவரும் இலவசமாக விளையாடியவரும் முதல் மாத விற்பனைக் கணக்கில் தெரிவதில்லை. பர்மா பஜார் சிடியில் விளையாடி வளர்ந்த நம்மவர்களின் அன்பு எந்தக் கம்பெனி ஏட்டிலும் ஏறவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

படி 4: நாளும் நேரமும் குறியுங்கள்

ஷென்மூ ரசிகர்களின் மிகப் பெரிய பலம் இதுதான். மூன்றாம் பாகம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி. அன்று மட்டும் எல்லோரும் 'சேவ் ஷென்மூ' ஹேஷ்டேக்கோடு ட்விட்டரில் எழுதுவார்கள். மாதம் முழுக்கத் தூறிக்கொண்டிருந்தால் யாரும் குடை எடுக்க மாட்டார்கள். ஒரே நாளில் கொட்டினால் தெரியும். தவிர, தினமும் கத்தச் சொன்னால் மூன்று வாரத்தில் ஆள் கழன்றுவிடுவார். மாதத்துக்கு ஒரு நாள் என்றால் வருடக்கணக்கில் தாங்கும். தேதியே கோரிக்கையையும் சொல்லிவிடுகிறது.

இங்கிருந்து செய்பவர்கள் நேர வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் ஆபீஸ் திறக்கும் காலை 9 மணி, நமக்கு விடியற்காலை 5.30. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுதும் பதிவு அமெரிக்காவில் எல்லோரும் தூங்கும்போது போய்ச் சேரும்.

எல்லா ஒருங்கிணைப்பும் பலிக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2012 பிப்ரவரி 4 அன்று, ஹாஃப்-லைஃப் கேமைச் செய்த வால்வ் நிறுவனம் அதன் அடுத்த பாகம் பற்றி வாய் திறக்க வேண்டும் என்று, ஒரே நேரத்தில் பதின்மூவாயிரம் பேருக்கு மேல் ஹாஃப்-லைஃப் 2 விளையாடினார்கள். அழகான யோசனை, வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வால்வ் மூன்றாம் பாகம் பற்றி மூச்சு விடவில்லை. ஸ்டீம் கடையே அவர்களுடையது. இன்னொரு கேம் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையில் அவர்கள் இல்லை.

படி 5: என்ன எழுதுவது?

வேலைக்காகாத பதிவு இப்படி இருக்கும்: "எங்கேடா அடுத்த பாகம்? காசுக்காக எங்களை ஏமாற்றுகிறீர்கள்!!!"

படிக்கிற ஆள் அந்த நிறுவனத்தின் சமூக ஊடகக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். முடிவெடுப்பது அவரல்ல. ஆனால் மேலே என்ன போக வேண்டும் என்று பொறுக்குவது அவர்தான். அவர் எடுத்துக் காட்டக்கூடிய மாதிரி எழுதுங்கள். ஷென்மூ மூன்றாம் பாகம் வருவதற்கு முன் என்றால் இப்படி:

"குய்லின் குகையில் ரியோவும் ஷென்ஹுவாவும் டிராகன், ஃபீனிக்ஸ் கண்ணாடிகளின் பெரிய சிற்பங்களைப் பார்த்து நின்றதோடு கதை நின்றுவிட்டது. நான் சென்னையில் இருக்கிறேன். இரண்டு பாகமும் வாங்கினேன். மூன்றாவது வந்தால் முதல் நாளே வாங்குவேன்."

ஒரு காட்சி, ஓர் ஊர், ஒரு வாக்குறுதி, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஜப்பானிய நிறுவனமென்றால் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால், மரியாதை வழக்கு பார்க்கும் ஜப்பானியர்களுக்கு அது அதட்டலாகக்கூடப் படலாம். ஆயிரம் பேர் ஒரே வாசகத்தை ஒட்டுவதும் வேண்டாம், ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நிறுவனத்தின் சம்பந்தமில்லாத பதிவுகளுக்கு அடியில் போய் எழுதலாமா என்று கேட்பீர்கள். ஈஏ நிறுவனத்தின் ஸ்கேட் என்ற ஸ்கேட்போர்டு கேமின் ரசிகர்கள் அதைத்தான் செய்தார்கள். 2010-இல் மூன்றாம் பாகம் வந்ததிலிருந்து ஈஏ எதைப் பதிவிட்டாலும் அடியில் "ஸ்கேட் 4" என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2020 ஜூனில் புது ஸ்கேட்டை அறிவித்தபோது, நீங்கள் கமெண்ட் போட்டுப் போட்டே இதை வரவழைத்துவிட்டீர்கள் என்று உருவாக்குபவர்களே சொன்னார்கள். அது நகைச்சுவையாக நடந்ததால் எடுபட்டது என்பது என் எண்ணம். தனி ஊழியரின் பக்கத்தில் போய் நச்சரிப்பது வேறு. அதை உங்கள் குழுவில் யாராவது செய்தால் அன்றே வெளியேற்றுங்கள்.

படி 6: யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள்

சோனியில் ஜியோ கோர்சி என்பவர், பிளேஸ்டேஷனுக்கு எந்தக் கேம்கள் வேண்டும் என்று ரசிகர்களிடம் ட்விட்டரில் கேட்டுக்கொண்டிருந்தார். 'பில்டிங் தி லிஸ்ட்' என்று அதற்கு ஒரு ஹேஷ்டேக். ஷென்மூ ரசிகர்கள் தங்கள் மூன்றாம் தேதிப் படையை அப்படியே அங்கே திருப்பினார்கள். சேகாவின் கதவை வருடக்கணக்கில் தட்டியவர்கள், சோனியில் கதவு திறந்திருப்பதைக் கண்டு அங்கே போனார்கள். 2015 ஜூனில் இ3 என்ற கேம் கண்காட்சியில் சோனி மேடையிலேயே யூ சுசுகி வந்து நின்றார்.

ஆகவே அறிவிப்புகளைப் படியுங்கள். கருத்துக் கணிப்பு, "எதை மறுபடி கொண்டுவரலாம்" என்ற கேள்வி, கேமின் ஆண்டு நிறைவு, பழைய இயக்குநர் தரும் பேட்டி என்று எது வந்தாலும் அன்றைக்கு மூன்றாம் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

படி 7: நீங்களே செய்துவிடலாமா?

பெயரையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு செய்தால் வக்கீல் கடிதம் வரும். நிண்டெண்டோவின் மெட்ராய்டு 2 கேமை ரசிகர் ஒருவர் பல வருடம் உழைத்துப் புதிதாகச் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நிண்டெண்டோ அதை நீக்கச் சொன்னது. அடுத்த வருடம் அதே கேமை அவர்களே புதுப்பித்து விற்றார்கள். ஓவியம், இசை, வீடியோ என்று ரசிகர் படைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 8: பணம் கேட்கும் நாள் வந்தால்

பொதுமக்களிடம் பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஷென்மூ 3-க்கு வைத்த இலக்கு 20 லட்சம் டாலர். அறிவித்த நேரத்தில் தளமே முடங்கியது. ஒன்பது மணி நேரத்துக்குள் இலக்கு நிறைந்தது. ஒரு மாதத்தில் 69,320 பேர் 63 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். முதல் படியில் சொன்ன 4.7 கோடியோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு? சோனியும், பிறகு டீப் சில்வர் என்ற வெளியீட்டு நிறுவனமும் கைகொடுத்துத்தான் கேம் முடிந்தது. பழைய அளவு பிரம்மாண்டத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கதையும் இதில் முடியவில்லை. நான்காம் பாகம் கேட்டு இயக்கம் மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது.

கொடுக்கும் பணம் முதலீடல்ல, மொய். லாபத்தில் பங்கு வராது, தேதிக்கு உத்தரவாதம் இல்லை. 2017 டிசம்பர் என்று சொன்ன கேம் 2019 நவம்பரில் வந்தது. போதாக்குறைக்கு, ஸ்டீமில் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட்டவர்களுக்கு 2019 ஜூனில், கணினிப் பதிப்பு முதல் வருடம் ஸ்டீமுக்குப் போட்டியான எபிக் கடையில் மட்டும்தான் என்று சொன்னார்கள். பெரிய சண்டையாகி, விருப்பமில்லாதவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் எந்தக் கன்சோல், எந்தக் கடை, வட்டா டவுன்லோடா என்று பணம் போடும் அன்றே பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரசீது வந்த மின்னஞ்சல் முகவரியைக் கைவிடாதீர்கள். நான்கு வருடம் கழித்து "எந்த வடிவம் வேண்டும்?" என்ற கேள்வியும் கேமுக்கான கீயும் அதற்குத்தான் வரும்; கல்லூரி ஐடியில் பதிந்துவிட்டுப் படிப்பு முடித்து வெளியேறியவர்கள், பணம் போட்ட கணக்கில் முதலில் அந்த முகவரியை மாற்றிவிடுங்கள்.