60% கீபோர்டில் லேயர் அமைப்பது எப்படி? தமிழ் 99 பயனர்களுக்கான குறிப்புகளுடன்

முழு அளவு கீபோர்டில் 104 கீக்கள் இருக்கும். 60% கீபோர்டில் 61தான். அம்புக்குறிகள், எஃப் வரிசை, ஹோம், எண்ட், டெலீட், வலது ஓரத்து எண்கள் எதுவும் கிடையாது. இவை அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவதுதான் லேயர். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு 1ஐ அழுத்தினால் ஆச்சரியக்குறி வருகிறது அல்லவா? அதே ஏற்பாடுதான் இதுவும். ஆனால் எந்தக் கீ என்னவாக மாற வேண்டும் என்பது இங்கே உங்கள் முடிவு.

படி 1: கீபோர்டுக்குள் என்ன ஓடுகிறது?

கீபோர்டுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள்தான் ஃபர்ம்வேர். அது கியூஎம்கே (QMK) என்றால் வேலை சுலபம். அதை மாற்றியமைக்க வயா (VIA), வயல் (Vial) என்று இரண்டு செயலிகள் உண்டு. நான் வயலையே சொல்வேன். கீக்களை மாற்ற இரண்டுமே போதும். ஆனால் கீழே 4ஆம் படியில் வரும் நேர அளவுகளை, ஃபர்ம்வேரை மறுபடி கம்பைல் செய்யாமல் திரையிலேயே மாற்றும் வசதி வயலில் இருக்கிறது. உங்கள் கீபோர்டு மாடலுக்கு வயல் ஃபர்ம்வேர் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயா மட்டும்தான் என்றாலும் 3ஆம் படி வரை ஒரு குறையும் இருக்காது.

நீங்கள் செய்யும் மாற்றங்கள் கீபோர்டின் நினைவகத்திலேயே பதிவாகும். வேறு கணினியில் செருகினாலும், அங்கே எந்தச் செயலியும் இல்லாமலே, அப்படியே வேலை செய்யும்.

படி 2: முதலில் ஒரு நகல்

இப்போதிருக்கும் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டு செயலிகளிலும் இதற்கு வசதி இருக்கிறது. அதன் பிறகு எதை மாற்றினாலும் பயமில்லை.

படி 3: கேப்ஸ் லாக்கை லேயர் கீயாக்குங்கள்

லேயர் 0இல் கேப்ஸ் லாக்கைத் தேர்ந்து அங்கே எம்ஓ(1) வையுங்கள். பிடித்திருக்கும் வரை லேயர் 1 திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே டிஓ(1), அதாவது TO(1), என்று ஒன்று தெரியும், அதைத் தொடாதீர்கள். அது லேயர் 1க்கு மாறி அங்கேயே நின்றுவிடும்; திரும்பி வர அந்த லேயரிலும் ஒரு டிஓ(0) வைத்திருக்க வேண்டும்.

இனி லேயர் 1ஐ நிரப்பலாம். எண் வரிசையில் 1 முதல் சமக்குறி வரை சரியாக 12 கீக்கள். எஃப்1 முதல் எஃப்12 வரை அங்கே பொருந்திவிடும். பேக்ஸ்பேஸின் இடத்தில் டெலீட். அம்புக்குறிகளுக்கு ஐ, ஜே, கே, எல். நிரலாளர்கள் பலர் எச், ஜே, கே, எல் என்று ஒரே வரிசையில் வைப்பார்கள். விம் எடிட்டர் பழகிய கைக்கு அது சரி. மற்றவர்களுக்கு ஐ மேலே, கே கீழே என்ற அமைப்பு முதல் நாளே கைவந்துவிடும். யூ, ஓ இரண்டிலும் ஹோம், எண்ட்.

பெரும்பாலான விளக்கங்களில் விட்டுப்போகும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: லேயர் 1இல் டி (D) கீயை ஷிஃப்ட்டாகவும், எஸ் கீயை கண்ட்ரோலாகவும் மாற்றுங்கள். இடது சுண்டுவிரல் கேப்ஸ் லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே விரலால் ஷிஃப்ட்டை எட்ட முடியாது. இப்படி வைத்தால் சொல் சொல்லாகத் தாவுவதும், வரிகளைத் தேர்ந்தெடுப்பதும் கை நகராமலே நடக்கும்.

மீதிக் கீக்களை வெறுமையாக விடாமல், தலைகீழ் முக்கோணம் போட்ட டிரான்ஸ்பரன்ட்டாகவே விடுங்கள். அப்படி விட்டால் கீழே உள்ள லேயரின் கீயே வேலை செய்யும். முக்கியமாக, லேயரைத் திறக்கும் கீ இருக்கும் இடம் லேயர் 1இல் டிரான்ஸ்பரன்ட்டாக இருக்க வேண்டும்.

படி 4: ஸ்பேஸ் பாருக்கு இரட்டை வேலை

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். தட்டினால் இடைவெளி, பிடித்தால் லேயர் என்று ஸ்பேஸ் பாரை மாற்ற எல்டி (LT) வகைக் கீயை வைத்து, அதற்குள் ஸ்பேஸைத் தேர்ந்தால் போதும். வைப்பது எளிது. ஆனால் வேகமாகத் தட்டும்போது அம்புக்குறி வேண்டிய இடத்தில் இடைவெளியும் எழுத்தும் விழும்.

காரணம் நேரக்கணக்கு. கீயை அழுத்தியதும், இது தட்டலா பிடித்தலா என்பதை ஃபர்ம்வேர் முடிவுசெய்ய வேண்டும். இயல்பான வரம்பு 200 மில்லிவினாடி. அதற்குள் விட்டுவிட்டால், நடுவில் வேறு கீயை அழுத்தியிருந்தாலும், தட்டல் என்றே கொள்ளும். நீங்கள் ஸ்பேஸைப் பிடித்து, ஜே தட்டி, ஸ்பேஸை விடுவது எல்லாமே 200க்குள் முடிந்துவிட்டால், இடது அம்புக்குறி வராது.

வயலில் கியூஎம்கே செட்டிங்ஸ் பகுதியில் இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பெர்மிஸிவ் ஹோல்டை இயக்கினால், ஸ்பேஸ் அழுத்தத்தில் இருக்கும்போதே இன்னொரு கீ முழுதாக அழுத்தி விடப்பட்டால் லேயர் என்று எடுத்துக்கொள்ளும். ஹோல்ட் ஆன் அதர் கீ பிரஸ் இன்னும் கடுமையானது. இன்னொரு கீ கீழே போன அந்தக் கணமே லேயர்தான். ஸ்பேஸை விடும் முன்பே அடுத்த எழுத்தைத் தொடும் பழக்கம் வேகமாகத் தட்டும் எல்லோருக்கும் உண்டு. அவர்களுக்கு இந்த இரண்டாவது தீர்வு ஆகாது: சொல்லின் முதலெழுத்தே அம்புக்குறியாகிவிடும். ஆகவே ஸ்பேஸ் பாருக்குப் பெர்மிஸிவ் ஹோல்டை மட்டும் இயக்குங்கள். நேர வரம்பை 200இல் தொடங்கி, தேவைப்பட்டால் 10, 10ஆக மாற்றிப் பாருங்கள்.

தமிழ் 99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பில் தட்டுபவர்களுக்கு

கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை. எந்தக் கீ என்பதற்கான எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அதைத் தமிழாக்குவது கணினி. எனவே ‘க’வைத் தனியாக ஒரு கீயில் வைக்கத் தேவையில்லை, எச் கீ எங்கே இருக்கிறதோ அங்கே ‘க’வும் இருக்கும்.

ஆனால் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட இரண்டு பரிந்துரைகள் தமிழுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒன்று, ஏ, எஸ், டி, எஃப் கீக்களைப் பிடித்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆக்குவது. தமிழ் 99இல் அவை அ, இ, உ, புள்ளி. வலக்கை மெய், இடக்கை உயிர் என்று கைகள் மாறி மாறி ஓடும் அமைப்பு அது. அழுத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டே இருப்பதால், தவறான கண்ட்ரோல் அடிக்கடி விழும்.

இரண்டாவது, ஜே, கே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எஸ்கேப் என்ற காம்போ. தமிழ் 99இல் மெல்லினத்தையும் அதன் வல்லினத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் புள்ளி தானே விழும். பெரும்பாலான இணைகள் பக்கத்துப் பக்கத்துக் கீக்களாகவே வைக்கப்பட்டிருக்கின்றன: ம்ப என்றால் கே, ஜே; ண்ட என்றால் பி (P), ஓ; ன்ற என்றால் ஐ, யூ. வேகமாக ‘அம்பு’ என்று தட்டினால் எஸ்கேப் பாய்ந்துவிடும். காம்போ வேண்டுமென்றால் இந்த இணைகளைத் தவிர்த்து வேறெங்காவது வையுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பின் சேர்த்தவை

42 கீக்களே உள்ள கார்ன் (Corne) என்ற சிறிய கீபோர்டில் ‘ச’ எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழ் 99இல் ‘ச’ இருப்பது இடது சதுர அடைப்புக்குறியில்; கார்னின் அடிப்படை லேயரில் அந்தக் கீ வழக்கமாக இருக்காது. அதை லேயர் 1க்குத் தள்ளாதீர்கள், ‘ச’ அவ்வளவு அடிக்கடி வரும் எழுத்து. பி (P) கீயின் வலப்பக்கத்துக் கீயில் அடைப்புக்குறியை வைத்து, அங்கிருக்கும் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரல் கீ ஒன்றுக்கு மாற்றுங்கள். ‘ஞ’ லேயரில் இருக்கலாம்.

ஸ்பேஸைப் பிடித்தால் தொடர்ந்து இடைவெளி விழவில்லை என்பது இன்னொரு கேள்வி. ஒருமுறை தட்டிவிட்டு உடனே மறுபடி அழுத்திப் பிடியுங்கள், விழும்.

பிரவுசரில் வயாவோ வயலோ கீபோர்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், ஃபயர்ஃபாக்ஸை விட்டு குரோம் அல்லது எட்ஜில் திறங்கள். புளூடூத் இணைப்பில் இருந்தால் யுஎஸ்பி கேபிளைச் செருகுங்கள். லினக்ஸில் அதன் பிறகும் தெரியவில்லை என்றால் கீபோர்டை அணுக அனுமதி தரும் யுடெவ் (udev) விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். வயலின் கையேட்டில் இருப்பதை அப்படியே எடுத்துப் போடலாம்.

மேக்ரோவில் (ஒரே கீயில் பல அழுத்தங்களைப் பதிந்து வைக்கும் வசதி) கடவுச்சொல்லை வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது கீபோர்டுக்குள் மறையாக்கம் இல்லாமல் கிடக்கும். கீபோர்டைக் கையில் எடுத்தவர் யாரும் ஒரே தட்டலில் அதைத் திரையில் வரவழைத்துவிடலாம்.