இரண்டாவது மானிட்டர்: மாட்டும்போது நடக்கும் தவறுகள்

புதிதாக வாங்கிய இரண்டாவது மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால் பலரும் முதலில் மானிட்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதைப் பெட்டியில் போட்டுக் கடைக்குத் தூக்குவதற்கு முன், கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். எந்தப் போர்ட்டில் கிளம்புகிறது, நடுவில் எதன் வழியாகப் போகிறது, எங்கே சேர்கிறது? கோளாறு பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும்.

டெஸ்க்டாப்பில் அடிக்கடி நடப்பது, போர்ட் மாறிப்போவது. பெட்டியின் பின்புறம் மேலே, யூஎஸ்பி, ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை மதர்போர்டின் போர்ட்கள். அதற்குக் கீழே தனி வரிசையாக இருப்பவை கிராபிக்ஸ் கார்டினுடையவை. தனி கார்டு இருந்தால் எல்லா மானிட்டர்களையும் அதிலேயே மாட்டுங்கள். கார்டு இருப்பதைக் கண்டதும், பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸைப் பல மதர்போர்டுகள் அணைத்துவிடும். பயாஸில் (கணினி கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய் அதை இயக்கினால்தான் மேலே உள்ள போர்ட்டில் படம் வரும். பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் கோர் பிராசஸர்களில் அந்த கிராபிக்ஸே கிடையாது. அங்கே பயாஸை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை.

பணம் அதிகம் வீணாவது அடாப்டரில். டிஸ்ப்ளே போர்ட், எச்டிஎம்ஐ இரண்டும் படத்தை அனுப்பும் இருவேறு இணைப்பு வகைகள். டிஸ்ப்ளே போர்ட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் சாதாரண அடாப்டர் ஒருவழிப் பாதை: கணினிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று திருப்பி மாட்டினால் படம் வராது. காரணம் எளிது. பெரும்பாலான கணினிகளின் டிஸ்ப்ளே போர்ட், தேவைப்பட்டால் எச்டிஎம்ஐ சிக்னலையே அனுப்பத் தெரிந்தது; அடாப்டர் செய்வது மின்னழுத்தத்தைச் சரிக்கட்டும் வேலை மட்டும்தான். எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிஸ்ப்ளே போர்ட் சிக்னலை அனுப்பத் தெரியாது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் என்றால் சிக்னலையே மாற்றித்தரும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். மின்சாரத்துக்காக அதில் பெரும்பாலும் ஒரு யூஎஸ்பி வாலும் இருக்கும்.

எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரை வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. அது ஒரே படத்தை இரண்டு திரைகளில் காட்டும், அவ்வளவே. தனித்தனித் திரைகளாக அதை ஒருபோதும் விரிக்க முடியாது.

யூஎஸ்பி-சி போர்ட்டைப் பார்த்ததும் மானிட்டர் ஓடும் என்று நம்பிவிட வேண்டாம். சில போர்ட்கள் சார்ஜுக்கும் டேட்டாவுக்கும் மட்டும்தான். போர்ட்டுக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளே போர்ட் குறியோ இருந்தால் தைரியமாக மாட்டலாம். குறி இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மேக்புக் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக்குகள் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். விண்டோஸ் லேப்டாப்பில் ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு தனித்தனித் திரைகளை விரிக்கும் எம்எஸ்டி ஹப்பை மேக்கில் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் தெரியும். மென்பொருளின் உதவியோடு யூஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் (இணைப்புப் பெட்டி) வாங்கினால் கூடுதல் திரை கிடைக்கும். ஆனால் அந்த மென்பொருளை நிறுவ வேண்டும், காப்புரிமைப் பூட்டுள்ள படங்களை ஓடவிட்டால் திரை கறுப்பாகிவிடலாம்.

படம் வந்துவிட்டது, ஆனால் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறதா? 4கே மானிட்டர் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டுமே படத்தைப் புதுப்பித்து, ஓடுகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டால் 4கே தீர்மானத்தில் அதற்கு மேல் கொடுக்க முடியாது. 60 வேண்டுமானால் கணினி, கேபிள், அடாப்டர், மானிட்டர் நான்கும் எச்டிஎம்ஐ 2.0-க்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்று பழையதானாலும் எல்லாமே அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் கவனிக்க: விண்டோஸ் அதைப் பல சமயம் 60-லேயே விட்டுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

அதே டிஸ்ப்ளே பக்கத்தில் ‘ஐடென்டிஃபை’ அழுத்தி, மேசையில் மானிட்டர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே கட்டங்களை இழுத்து வையுங்கள். இதைச் செய்யாததால்தான் மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்கிறது. இரண்டு திரைகளிலும் ஒரே படம் வந்தால் விண்டோஸ் பட்டனோடு ‘ப்ராஜெக்ட்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்தான P-யை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்வு செய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு மலிவு டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் உண்டு. அதன் 20-ஆவது பின் (முனையில் உள்ள சிறு உலோக இணைப்பு) மின்சாரத்துக்கானது. தரமான கேபிளில் இரு முனைகளுக்கும் இடையே அதை இணைப்பதில்லை. இணைத்துவிட்ட கேபிளில் மானிட்டரின் மின்சாரம் கிராபிக்ஸ் கார்டுக்குள் ஏறி, கணினி சரியாக பூட் ஆகாமல் படுத்தும். கேபிளைக் கழற்றினால் கணினி ஒழுங்காகக் கிளம்புகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கழற்றும்போது தலையில் உள்ள பூட்டை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் போர்ட் போய்விடும்.

எதுவும் பிடிபடவில்லையென்றால், நன்றாக ஓடும் மானிட்டரின் கேபிளை ஓடாததில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பழுது மானிட்டரில் இல்லை. வராவிட்டால் மானிட்டரின் மெனுவில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, மின்பிளக்கை ஒரு நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், போர்ட் இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.