மின்சாரக் காரில் பேபி சீட்டைப் பின்னோக்கிப் பூட்டுவது எப்படி?

பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால்வாசி தலைதான். கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாதவை. கார் முன்னால் எதிலாவது மோதும்போது, முன்னோக்கி இருக்கும் பிள்ளையின் உடம்பை சீட்டின் பட்டி பிடித்துக்கொள்ளும்; தலையைப் பிடிக்க எதுவுமில்லை, அது கழுத்தை இழுத்துக்கொண்டு முன்னே போகும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒருசேரத் தாங்கும். பிள்ளை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர் 129 விதி குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறது. அது கீழெல்லை மட்டுமே. சீட்டில் எழுதியிருக்கும் உயர, நிறை எல்லை வரும்வரை திருப்பத் தேவையில்லை. கால் மடங்கிக் கார் ஆசனத்தின் சாய்மானத்தில் முட்டுகிறதே என்று வீட்டுப் பெரியவர்கள் பரிதாபப்படுவார்கள். கால் முட்டினால் பிள்ளை சம்மணம் போட்டுக்கொள்ளும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

சீட்டை வாங்க முன்னர் காரைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் காலி வீதியில் நிறுத்த இடம் கிடைப்பது பெரிய பாடுதான்; அதற்காக இதை விட்டுவிடக் கூடாது. லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும், ஆர் 129 அல்லது ஆர் 44/04 என்ற இலக்கமும் இருக்கவேண்டும். ஆர் 129 உயரக் கணக்கில் போகும், அதற்கு முந்திய விதியான ஆர் 44 நிறைக் கணக்கில். ஜப்பானில் பாவித்த பொருட்களோடு வரும் பழைய சீட்டுகள் மலிவுதான். ஆனால் அது விபத்தில் பட்டதா, எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தயாரித்த திகதி இல்லாத சீட்டை எடுக்கவேண்டாம். ஓடே இல்லாமல் துணியும் நாடாவுமாக ஒன்லைனில் விற்கிறார்களே, அவை சீட்டே அல்ல.

எந்த இடத்தில் வைப்பது? முன் ஆசனத்தில் எயார்பேக் வேலைசெய்யும் நிலையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. எயார்பேக் விரிந்தால் நேரே ஓட்டின் முதுகில், பிள்ளையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும். அதை நிறுத்தும் சுவிட்ச் இல்லாத கார்கள் பல. ஆகவே பின் ஆசனம், அதிலும் இடப்பக்கம். நடைபாதைப் பக்கமாக நின்று பிள்ளையை ஏற்றலாம்; முன்னால் இருப்பது சாரதியின் ஆசனமல்ல என்பதால் தேவையான அளவு முன்னே தள்ளலாம். முதல் இரண்டு தலைமுறை நிஸான் லீஃபில் முன், பின் சில்லு அச்சுகளுக்கு இடையே 2,700 மில்லிமீற்றர், பிவைடி அட்டோ 3 இல் 2,720. இவற்றில் இடம் பெரும்பாலும் போதும். கதவைத் திறக்க முன்னர் இடக்கண்ணாடியை ஒருதரம் பாருங்கள். கொழும்பில் மோட்டார் சைக்கிள் எந்த இடுக்காலும் வரும்.

ஐசோஃபிக்ஸ் என்பது பேபி சீட்டைக் கொழுவுவதற்காகக் கார் ஆசனத்தின் இருப்பும் சாய்மானமும் சேரும் இடுக்கில் உள்ள, 6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு கம்பிகள். இடைவெளி 280 மில்லிமீற்றர். கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இங்கே அநேகமான கார்களுக்கு வெளியே லெதர் கவர் தைத்துப் போட்டிருப்பார்கள், அது இந்தக் கம்பிகளை மூடிவிடும். கவரின் மேலாக சீட்டைத் தள்ளி அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் கொழுவிக்கொள்ளும். வெளியில் இருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும். கவரை வெட்டித் திறக்கவும், அல்லது அந்த ஆசனத்துக்கு மட்டும் கழற்றிவிடவும். இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் கேட்கவேண்டும், இரண்டு அடையாளமும் பச்சையாகவேண்டும். பிறகு சீட்டின் அடிப்பாகத்தை, கொழுவியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுங்கள். இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் திரும்பப் பூட்டவேண்டும். தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது பிழை, அங்கே கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

கார் பெல்ட்டால் பூட்டும் சீட் என்றால் நீல அடையாளம் உள்ள வழியாகப் பெல்ட்டைக் கொண்டுபோங்கள். சிவப்பு, முன்னோக்கி வைப்பதற்கு.

இனித்தான் மின்சாரக் காருக்கே உரிய விஷயம் வருகிறது. பல சீட்டுகளில் அடிப்பாகத்தின் முன் நுனியில் இருந்து கார்த் தரைக்கு இறங்கும் ஒரு தாங்குகால் உண்டு. மோதும்போது சீட் முன்பக்கமாகக் கவிழாமல் தடுப்பது அதுதான். மின்சாரக் காரில் பற்றரி தரைக்குக் கீழே கிடப்பதால் பின் தரை கொஞ்சம் உயர்ந்திருக்கும். தாங்குகாலை ஆகக் குறைந்த நீளத்துக்குச் சுருக்கியும் அது தரையில் முட்டி, அடிப்பாகத்தின் முன் நுனியை மெத்தையில் இருந்து கிளப்பினால், அந்தக் காருக்கு அந்த சீட் பொருந்தாது. அடிப்பாகத்துக்கும் மெத்தைக்கும் இடையில் கையைச் செருகிப் பாருங்கள். முழுதாகப் படிந்திருக்கவேண்டும், காலும் தரையில் உறுதியாக ஊன்றவேண்டும், அதன் அடையாளமும் பச்சையாகவேண்டும். எதிர்ப்பக்கப் பிழை, தாங்குகால் தரையைத் தொடாமல் தொங்குவது. பலகைத் துண்டு, மடித்த காப்பெட் என்று எதையும் கீழே வைத்துச் சமாளிக்கவேண்டாம். அடித்த வேகத்தில் அது விலகிவிடும். கிண்ணம்போல் விளிம்பு உயர்ந்த ரப்பர் கால்மிதியின் கீழ் வெற்றிடம் இருக்கும், அந்த இடத்தில் அதை எடுத்துவிடுங்கள். தரையில் மூடியோடு சாமான் பெட்டி உள்ள கார்களில், அந்த மூடியின் மேல் தாங்குகாலை ஊன்றக் கூடாது. சார்ஜ் வயர்ப் பையைக் காலடியில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் டிக்கிக்கு மாற்றுங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த லீஃபின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். பிள்ளை சீட் பக்கத்தைப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, போன் கமராவால் மொழிபெயர்த்து வாசிக்கலாம். எந்த ஆசனத்தில் எந்த வகை சீட் வைக்கலாம் என்ற அட்டவணை அங்கேதான் இருக்கிறது. சீட் கம்பனியின் இணையத்தளத்திலும் கார் மாதிரிவாரியாகப் பட்டியல் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சாய்வு அடுத்தது. பச்சிளங்குழந்தைக்கு ஏறக்குறைய 45 பாகை சாய்வு தேவை. நிமிர்ந்துவிட்டால் நித்திரையில் தலை முன்னே விழுந்து, நாடி நெஞ்சில் படிந்து, மூச்சுப்பாதை ஒடுங்கும். சீட்டின் பக்கத்தில் உள்ள கோடு அல்லது குமிழி சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடி வீட்டின் சரிவான பார்க்கிங்கில் வைத்து இதைப் பார்க்கவேண்டாம். தரை சமமாக இருக்கும் இடத்துக்குக் காரை எடுங்கள். கார் மெத்தை பின்னால் பள்ளமாகச் சரிந்திருந்தால் சீட் நிமிர்ந்துவிடும். பெல்ட்டால் பூட்டுவதில், சீட் கையேடு அனுமதித்தால் மட்டும், மெத்தை இடுக்கில் இறுக்கிச் சுருட்டிய துவாயை வைத்துச் சரிசெய்யலாம். தாங்குகாலைக் கூட்டிக் குறைத்துச் சாய்வை மாற்றப் பார்க்கக் கூடாது.

இந்தச் சாய்வோடு ஓட்டும் விதமும் சேர்ந்தது. பிரேக் அடித்தால் பின்னோக்கி இருக்கும் பிள்ளையின் தலை ஓட்டில் அழுந்தும், பயமில்லை. கார் சடாரென்று முன்னே பாயும்போதுதான் தலை நெஞ்சுப்பக்கம் கவிழும். மின்மோட்டார் எடுத்த எடுப்பிலேயே முழு இழுவையையும் தரும். சிக்னல் பச்சையானதும் ஓட்டோக்களை முந்தவென்று மிதித்தால் பின்னால் அந்தத் தலை ஒவ்வொருமுறையும் விழுந்தெழும்பும். பிள்ளை இருக்கும்போது ஈகோ மோடில் ஓட்டுங்கள். மிதியில் காலை மெதுவாக அழுத்துங்கள், மெதுவாகவே எடுங்கள்.

பட்டி பூட்டுவதில் நடக்கும் பெரிய பிழை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும் முதல் நாளிலேயே நடக்கிறது. குழந்தையைத் துணியால் கைகால் தெரியாமல் சுற்றித் தருவார்கள். அப்படியே சீட்டில் வைத்தால் பட்டி கால்களுக்கு இடையால் போகாது, மோதும்போது குழந்தை கீழால் வழுகிவிடும். சுற்றியதை அவிழ்த்து, கையும் காலும் வெளியே இருக்கப் பட்டியைப் பூட்டி, இறுக்கி, அதன் பிறகு துணியை மேலே போர்த்துங்கள். தோள்பட்டி புறப்படும் துளை, பின்னோக்கிய சீட்டில், தோள் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கவேண்டும். காறையெலும்பின் மேலே பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள்: மடிப்புப் பிடிபட்டால் இன்னும் தளர்வு. முறுக்கு இருந்தால் நிமிர்த்துங்கள். சீட்டோடு வராத தலையணை, கழுத்து வளையம் ஒன்றும் உள்ளே வேண்டாம்.

வெக்கை விஷயத்தில் மின்சாரக் கார் ஒரு வரம். சார்ஜ் வயர் குத்தியிருக்கும்போதே, புறப்பட 10, 15 நிமிடம் முன்னர் ஏசியைப் போட்டுவிடலாம். பற்றரியில் இருந்து அதிகம் போகாது. வெயிலில் நிறுத்தினால் பட்டிக் கொழுவியின் உலோக நாக்கு பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடேறும், வெளிர்நிறத் துவாயால் மூடிவைத்து, ஏற்ற முன்னர் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடிக் கூரை உள்ள கார்களில் திரையை மூடிவையுங்கள். பின்னோக்கிய ஓடு முன்னால் வரும் காற்றை மறிக்கும். நடுத் துவாரங்களைக் கூரையை நோக்கித் திருப்பினால் காற்று பின்னுக்குப் போகும். யன்னலுக்கு வலைத்திரை போடலாம், சீட்டின் மேல் துணி தொங்கவிடக் கூடாது. ஏசி ஓடுகிறதே என்று பிள்ளையைக் காரில் விட்டு இறங்குவது எந்தக் காரிலும் ஆகாது. சிறு பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும்.

யாழ்ப்பாணம் போன்ற தூரப் பயணத்தில் சார்ஜ் போட எப்படியும் நிற்கவேண்டும். ஒவ்வொருமுறையும் பிள்ளையை வெளியே எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள். பச்சிளங்குழந்தை என்றால் அரை மணித்தியாலத்துக்கு ஒருதரமாவது நிறுத்துவது நல்லது, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எந்தப் பிள்ளையையும் ஒரே இருப்பில் வைக்கவேண்டாம். திரும்ப ஏற்றும்போது பட்டியின் இறுக்கத்தை முதலில் இருந்து பார்க்கவேண்டும். பிள்ளையை எடுப்பதற்கு அதைத் தளர்த்தியிருப்பீர்கள்.